பட்டாணி அளவு

ஒரு வீட்டில் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன என்பது உட்கார முடியாதவனுக்குத்தான் தெரியும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பேரிங்காரரின் கண்ணில் வாசலைத் தாண்டியதும் முதலில் பட்டவை நாற்காலிகள்தான். கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், மனைவியின் தையல் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு முக்காலி, சமையலறையில் கால் ஆடும் ஸ்டூல், கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற சுழல் நாற்காலி. எல்லாம் சேர்ந்துகொண்டு, ‘வா, வந்து உட்காரு பார்ப்போம்’ என்று அவரைக் கேலி செய்வதுபோல் இருந்தது. அவற்றின் முகத்தில் விழிக்காமல் நேரே போய்க் கட்டிலில் குப்புறக் கவிழ்ந்தார்.

வாசலில் எதிர்வீட்டுக்காரி மனைவியை மடக்கிக்கொண்டாள்.

“அண்ணனுக்கு என்னக்கா ஆச்சு? காரிலிருந்து இறங்கும்போது தரையில கால் பாவாம நடந்தாரே?”

“முதுகுல ஒரு கட்டி. எடுத்துட்டாங்க.”

“முதுகுலயா? முதுகுல எங்க?”

“முதுகு முடியற இடத்துல” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் அவள்.

அது மூலம். மூலத்துக்கான அறுவை சிகிச்சை. கை உடைந்தவன் கட்டுப் போட்ட கையோடு தெருவெல்லாம் சுற்றி வருவான். கட்டின்மேல் கையெழுத்துகூட வாங்குவான். கண்ணில் புரை எடுத்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாயகன் மாதிரி நடப்பார். அதே உடம்பில் இன்னும் கொஞ்சம் கீழே புண் வந்தால் மட்டும் அது குற்றமாகிவிடுகிறது. திருடியவனைப்போல ஒளித்து வைக்க வேண்டியதாகிறது. சுவரொட்டிகளில் ‘ரகசிய நோய்’ என்று அச்சடித்து வயிறு வளர்க்கிறவர்களுக்கு இந்த வெட்கம்தான் முதலீடு. நோய் எவ்வளவு ரத்தம் எடுக்கிறதோ அதைவிட அதிகமாக எடுக்கிறது இந்த வெட்கம்.

பேரிங்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். வண்டி உள்ளே நுழையும்போதே சக்கரச் சத்தத்தைக் கேட்டு, “பின்னாடி இடது பக்கம் பேரிங் போயிடுச்சு” என்பார். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸுக்கு அடியில் தோண்டிய குழியில் குந்தி உட்கார்ந்தும், சக்கரத்தின் கனத்த டிரம்மைத் தூக்கி இறக்கியும் பாதி ஆயுள் போனது. ஆனால் அவரை நோயாளி ஆக்கியது குழியும் இல்லை, டிரம்மும் இல்லை, ஒரு சாவி.

பணிமனையில் தொழிலாளர் கழிப்பறை என்று ஒன்று இருந்தது. அதற்குக் கதவு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, உள்ளே போனவர்கள் இரண்டாம் முறை போனதில்லை. அதிகாரிகளுக்கு ஓடு பதித்த கழிப்பறை தனியாக இருந்தது. அதன் சாவி மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். வேண்டுமென்றால் கேட்கலாம், தடையில்லை. ஆனால் கேட்டால் மேலாளர் தலையைத் தூக்கி, அறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “எதுக்கு?” என்பார். கழிப்பறைச் சாவியை ஒருவன் எதற்குக் கேட்பான்? பேரிங்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை கேட்டு, அந்த ‘எதுக்கு’வை வாங்கிக்கொண்டு திரும்பினார். அதன்பிறகு கேட்டதே இல்லை. காலையில் உடம்பு கூப்பிட்டால் அடக்கினார். அடக்குவதற்கு வசதியாகத் தண்ணீரைக் குறைத்தார். குழியில் இருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதிகாரியின் குடல் வேறு, தொழிலாளியின் குடல் வேறு என்று எந்த மருத்துவ நூலிலும் இல்லை. அந்தக் கட்டடத்துக்குப் படம் வரைந்தவர் மட்டும் அப்படி நம்பியிருக்கிறார்.

ரத்தம் வர ஆரம்பித்தபின்னும் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. துணி துவைக்கும்போது மனைவிதான் கண்டுபிடித்தாள். அவள் ஒரு துணிக்கடையில் அளவு திருத்திக் கொடுக்கும் தையல்காரி. கறை எதனால் ஆனது என்பது அவளுக்குப் பார்த்ததுமே தெரியும்.

“இது கிரீஸ் இல்ல. வாயைத் திறந்து சொல்றீங்களா, இல்ல நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போகவா?”

இழுத்துக்கொண்டுதான் போனாள்.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் கோளாறு. மருத்துவர் வரும்போது பின்னால் ஒரு பெரிய மாணவர் பட்டாளமே வந்தது. கேட்காமல் கொள்ளாமல் போர்வையை விலக்கினார்கள். அத்தனை இளம் முகங்கள் குனிந்து பார்த்தன. ஒரு பெண் குறிப்பு எழுதினாள். பேரிங்காரர் தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தார். மருத்துவர் இரண்டு களிம்புக் குழாய்களைக் காட்டிச் சொன்னார். வெள்ளை மூடி போட்டது மரத்துப்போகச் செய்யும் மருந்து. வெளிக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னாலும் போய்வந்த பிறகும் தடவ வேண்டும். நீல மூடி போட்டது தசையைத் தளர்த்தும் மருந்து. காலையும் மாலையும் ‘கொஞ்சமா’ தடவ வேண்டும். வெந்நீரில் உட்கார வேண்டும், மலமிளக்கி குடிக்க வேண்டும். “புரிஞ்சுதா?” பேரிங்காரருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது, அந்தக் கூட்டம் அங்கிருந்து நகர வேண்டும். “புரிஞ்சுது சார்” என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. மருத்துவரும் சொல்லவில்லை, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மனைவி அப்போது மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

இப்போது வீட்டில், தையல்காரி கையில் நீல மூடிக் குழாயோடு கட்டிலருகே நின்றாள்.

“அசையாதீங்க.”

“கண்ணை மூடிக்கிட்டுத் தடவு.”

“கண்ணை மூடிக்கிட்டுத் தடவினா முதுகுல தடவுவேன். முப்பது வருஷமா பார்க்காத மனுஷனா நீங்க? சும்மா கிடங்க.”

விரல் நுனியில் துளி எடுத்துத் தடவினாள். அவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

“என்னடி இது, மை வைக்கிற மாதிரி? இன்னும் போடு.”

“கொஞ்சமான்னுதானே டாக்டர் சொன்னாருன்னீங்க?”

“டாக்டருக்குக் கொஞ்சம்னா நமக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் கிரீஸ் கன் பிடிச்ச கை இது! பேரிங்ல கிரீஸ் அடிக்கும்போது பழசு கறுப்பா வெளிய வரணும். அதுக்குப் பின்னாடி புதுசு எட்டிப் பார்க்கணும். அப்பதான் உள்ள நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். துளி கிரீஸ் வச்ச பேரிங் பாதி வழியில எரிஞ்சுபோயிடும்.”

தொழில்காரன் இவ்வளவு உறுதியாகச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? அவள் குழாயை அழுத்தினாள். இரண்டு விரல் கொள்ளும் அளவுக்கு எடுத்து, குழைத்து, அப்பினாள். காலையும் மாலையும் போதாது, மதியமும் ஒன்று இருக்கட்டும் என்றார் அவர். இருக்கட்டும் என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே அவருக்குத் தலைவலி பிடித்தது. சாதாரணத் தலைவலி இல்லை. பொட்டில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல, நெஞ்சு துடிக்கும் தாளத்திலேயே அடித்தது. கட்டிலை விட்டு எழுந்தால் வீடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுநாள் இன்னும் மோசம். அதைவிட வேடிக்கை, மனைவிக்கும் தலை பிளந்தது. அவள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றாள்.

“உனக்கு என்னடி?”

“உங்களைப் பார்த்துப் பார்த்துத்தான். வேற என்ன?”

ஒரே வீட்டில் இரண்டு தலைவலி. அன்று பகலில் அவளுடைய அண்ணன் நலம் விசாரிக்க வந்தார். வீட்டுப் புரோக்கர். வாடகைக்கு வீடு கேட்டால் வீடும், மாப்பிள்ளை கேட்டால் மாப்பிள்ளையும், வைத்தியம் கேட்டால் வைத்தியரும் கைவசம் வைத்திருப்பார். கேட்காவிட்டாலும் கொடுப்பார்.

“ரெண்டு பேருக்கும் தலைவலியா? மாப்ள, இது கண்ணு. வீட்டுக்கே பட்டிருக்கு.”

“எவன் மச்சான் கண்ணு வச்சான்? என்கிட்ட பொறாமைப்பட என்ன இருக்கு இப்ப? உட்காரக்கூட வழியில்ல.”

“சிரிக்காதீங்க. முதல்ல அந்த இங்கிலீஷ் மருந்தைத் தூக்கிப் போடுங்க. சூடு. தலைக்கு ஏறுது.”

கடைசியில் சொன்னது மட்டும் பேரிங்காரருக்குப் பொருத்தமாகப் பட்டது. நீல மூடிக் குழாயை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்தார். தலைவலி போயிற்று. ஆனால் கீழே இருந்த வலி, அதுவரை ஓரமாக முனகிக்கொண்டிருந்தது, நடுக்கூடத்துக்கு வந்து கூத்தாட ஆரம்பித்தது.

மருந்தை நிறுத்திய மறுநாள் காலையில்தான், அறுவைக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் வெளிக்குப் போனார். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கண்ணாடித் துண்டுகளைக் கழிப்பதுபோல் இருந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னார். வெளியே வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கதவுப்பிடியை விடாமல் நெடுநேரம் நின்றார். அதோடு ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார். உள்ளே போட்டால்தானே வெளியே வரும்? போடாவிட்டால்?

சாப்பாட்டை நிறுத்தினார். தட்டில் வைத்ததைக் கிளறுவார், ‘பசி இல்லை’ என்பார். மலமிளக்கி எதற்கு, வயிற்றில்தான் ஒன்றுமில்லையே என்று அதையும் விட்டார். தண்ணீரையும், பழைய பழக்கம்தானே, உதட்டை நனைக்கும் அளவோடு நிறுத்தினார். பணிமனைச் சாவி கற்றுக்கொடுத்த பாடத்தை வீட்டிலும் ஒப்பித்தார். வீட்டுக் கழிப்பறைக்குப் பூட்டே கிடையாது என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. கன்னம் ஒட்டியது. கண் உள்ளே போனது. வலியோ குறையவில்லை.

மச்சான் மறுபடி வந்தார். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டு, கட்டிலுக்கு அருகில் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேரிங்காரர் அந்த நாற்காலியைப் பொறாமையோடு பார்த்தார்.

“மாப்ள, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். மூலத்துக்கு மட்டும்தான் பார்ப்பார். ஒரு பொடி. எண்ணெயில குழைச்சு அந்த இடத்துல வச்சுக் கட்டினா, புண்ணெல்லாம் கருகி உதிர்ந்துடும். கத்தி கிடையாது. களிம்பு கிடையாது.”

“எரியுமா?”

“கொஞ்சம் எரியும். எரிஞ்சாத்தானே மருந்து?”

பேரிங்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இனிமேல் ஒரே ஒரு முறைகூட அந்தக் கதவுக்குள் போய்க் கண்ணாடி கழிக்க அவரால் முடியாது. அதைவிட எதுவும் மேல். “நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க” என்றார்.

சமையலறை வாசலில் நின்று தையல்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாத புண்ணில் அரிக்கிற பொடி. சுவரில் ‘ரகசிய நோய்’ விளம்பரம் ஒட்டுகிற ஆள். ஆனால் அண்ணனோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவளிடம் பதில் இருக்க வேண்டும். இந்த மருந்து வேண்டாம் என்றால் வேறு எந்த மருந்து என்று கேட்பார்கள். பதில் இல்லை. அண்ணன் போனபின் தையல் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

கடையிலிருந்து எடுத்துவந்த கால்சட்டை ஒன்று பாதியில் கிடந்தது. இயந்திரம் தையலைத் தாண்டித் தாண்டி விட்டது. அப்படி விட்டால் எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியும். ஊசியையும் நூலையும் நூலின் இறுக்கத்தையும் ஒன்றாக மாற்றக் கூடாது. ஊசியை மட்டும் மாற்றித் தைத்துப் பார்க்க வேண்டும். சரியாகவில்லையா, பழைய ஊசியை வைத்துவிட்டு நூலை மாற்ற வேண்டும். மூன்றையும் மாற்றித் தையல் சரியானால், கோளாறு எதில் இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. கை ஊசியைக் கழற்றியது. மனசு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று எழுந்து கட்டிலருகே வந்தாள்.

“ஏங்க, எனக்கு ஏன் தலை வலிச்சுது?”

“என்னைக் கேட்டா? என்னைப் பார்த்துப் பார்த்துன்னு நீதானே சொன்னே?”

“விளையாடாதீங்க. உங்களுக்கு வலிச்சுது, சரி. ஆபரேஷன் ஆன உடம்பு, ரத்தம் போயிருக்கு, ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு? நான் நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன். மருந்தை நிறுத்தின அன்னைக்கு உங்களுக்கும் விட்டுப்போச்சு, எனக்கும் விட்டுப்போச்சு. கண்ணு பட்டிருந்தா, மருந்தை அலமாரியில வச்சதும் அந்தக் கண்ணு எங்க போச்சு? லீவு எடுத்துக்கிச்சா?”

“அப்ப மருந்துதான் காரணம்னு நானும்தானே சொன்னேன்?”

“எனக்கு யாருங்க மருந்து தடவினா?”

அவள் தன் வலது கையின் இரண்டு விரல்களையும் அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள்.

“வெறும் விரலால எடுத்து, குழைச்சு, அப்பினேன். விரல் வழியாகவே எனக்கு ஏறியிருக்கு. தொட்டவளுக்கே இந்தப் பாடுன்னா, அப்பிக்கிட்ட உங்களுக்கு? மருந்து கெட்டது இல்லைங்க. நாம போட்ட அளவு கெட்டது.”

“கிரீஸ்…”

“கிரீஸைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசுனீங்க, நானே அந்தப் பொடியைக் கட்டி விட்டுடுவேன். எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“மறுபடியும் அந்தப் பசங்க கூட்டமா? என்னால முடியாது.”

“கூட்டம் வந்தா போர்வையை நான் பிடிச்சுக்கிறேன். எவன் விலக்குறான்னு பார்க்கலாம்.”

கூட்டம் இல்லை. மாலையில் கட்டு மாற்றும் அறையில் ஒரே ஒரு நர்ஸ் இருந்தார். தலை நரைத்தவர், கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொள்கிறவர். முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார். அடுத்து, “பார்க்கலாமா?” என்று கேட்டார். அந்த மருத்துவமனையில் பேரிங்காரரிடம் யாராவது அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பாதி வலி அந்த ஒரு சொல்லிலேயே இறங்கியதுபோல் இருந்தது.

“புண்ணு நல்லா இருக்கு. சீழ் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறம் ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கீங்க?”

தையல்காரி எல்லாவற்றையும் சொன்னாள். தலைவலி, தலைசுற்றல், தன் தலைவலி, அலமாரி, பட்டினி. நர்ஸ் நீல மூடிக் குழாயை வாங்கிப் பார்த்தார். முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

“இது மாசக்கணக்குல வரவேண்டிய குழாய் ஆச்சே! ஒரு தடவைக்கு எவ்வளவு எடுத்தீங்க?”

பேரிங்காரர் கூச்சத்தோடு இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். “பழசு வெளிய வர்ற வரைக்கும் சிஸ்டர்.”

“எந்தப் பழசு?”

“பழைய கிரீஸ்” என்றாள் தையல்காரி. “இவருக்கு அது பேரிங்.”

நர்ஸ் சிரித்த சிரிப்பில் நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு வந்து விழுந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “பட்டாணி. ஒரு பட்டாணி அளவு. அதுக்கு மேல கூடாது. ஆசனவாய் ஓரமா, வெளியில லேசா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இது ரத்தக் குழாயையும் விரிக்கிற மருந்து. அதிகமானா ரத்த அழுத்தம் இறங்கும், தலை வெடிக்கும். தோல் வழியாகவே ஏறும். அதனாலதான் அம்மாவுக்கும் வலிச்சிருக்கு. விரலுக்கு உறை போட்டுக்கிட்டுத்தான் தடவணும், அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவணும். படுத்துக்கிட்டே தடவிட்டு, கொஞ்ச நேரம் படுத்திருந்து மெதுவா எழுந்திரிங்க. அப்பவும் லேசாத் தலை வலிக்கலாம். போகப் போகச் சரியாயிடும். தாங்கலைன்னா நீங்களா நிறுத்தாதீங்க, இங்க வந்து சொல்லுங்க. இதையெல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு.” பிறகு வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், நெஞ்சுக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டார்.

“தசையைத் தளர்த்தினா புண்ணு எப்படி சிஸ்டர் ஆறும்?” பேரிங்காரருக்குக் காரணம் தெரியாமல் எதுவும் உள்ளே இறங்காது.

“அந்த இடத்துல வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு. புண்ணுன்னதும் அது பயந்து இறுக்கிக்கும். இறுக்கினா வலி. வலிச்சா இன்னும் இறுக்கும். ரத்த ஓட்டமும் குறையும்.”

“பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுற வண்டி” என்றார் அவர், தனக்குத்தானே.

“அதேதான். பிரேக்கை விடுவிக்கிற மருந்து இது. வெந்நீரும் அதுக்குத்தான். வெள்ளை மூடி உங்களுக்கு வலி தெரியாம இருக்க. ஆனா நீங்க சாப்பிடாம இருந்தா எந்தக் களிம்பும் ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள இருக்கறது காய்ஞ்சு கல்லாகும். கல்லு வந்தா புண்ணு கிழியும். பட்டினி கிடந்து வலியிலிருந்து தப்பிக்க முடியாது. தள்ளித்தான் போடலாம், வட்டியோட.”

வட்டி என்றதும் பேரிங்காரர் தையல்காரியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பையில் கையை விட்டு, உரித்த பழம் ஒன்றை எடுத்திருந்தாள். அங்கேயே நின்றுகொண்டு தின்றார். புதுக் குழாய்க்குச் சீட்டு எழுதி வாங்கினார்கள். விரல் உறைகளைக் கைநிறைய எடுத்துக் கொடுத்தார் நர்ஸ்.

வீடு திரும்பியதும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தார். பிறகு ஒரு பட்டாணி. தையல்காரி உண்மையாகவே சமையலறையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்து அளந்தாள். “இதைவிட ஒரு நூல்கூடக் கூடாது” என்றாள். தலை வலித்தது, ஆனால் கொசு கடித்த அளவுக்கு. மலமிளக்கி குடித்தார். கஞ்சி குடித்தார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ஒவ்வொரு செம்புக்கும், கொலைக்களத்துக்குப் போகிறவன்போல் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

காலையில் உடம்பு கூப்பிட்டது.

வெள்ளை மூடியைத் தடவிக்கொண்டு, மருந்து வேலை செய்யும் நேரம்வரை அறையில் நடந்தார். பிறகு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அதே வேளையில் வாசல் கதவு தட்டப்பட்டது. மச்சானும், கையில் துணிப் பையோடு மீசைக்காரர் ஒருவரும்.

“மாப்ள எங்க?”

“உள்ள இருக்கார். சத்தம் போடாதீங்கண்ணே” என்று தையல்காரி உதட்டில் விரல் வைத்தாள்.

பொடிக்காரர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பையை அவிழ்த்தார். மச்சான் நின்றார். மூவரும் கழிப்பறைக் கதவைப் பார்த்தார்கள். தேர்தல் முடிவுக்குக்கூட யாரும் அவ்வளவு கவலையோடு காத்திருந்திருக்க மாட்டார்கள். தையல்காரியின் கை தாலியைத் தேடவில்லை. அவளறியாமல் ஒரு பட்டாணியை உருட்டிக்கொண்டிருந்தது. நேற்று அளந்த அதே பட்டாணி.

உள்ளே அமைதி. ஒரு முனகல். மறுபடி அமைதி. அப்புறம் தண்ணீர் கொட்டும் சத்தம். அதைத் தொடர்ந்து, யாரும் எதிர்பார்க்கவில்லை, சீழ்க்கை! பேரிங்காரர் குழியில் வேலை சரியாக முடிந்த நாளில் மட்டும் அடிக்கும் சீழ்க்கை.

கதவு திறந்தது. வேர்வை இருந்தது, ஆனால் முகம், பனிக்கட்டி உருகின குளம் மாதிரி இளகிக் கிடந்தது.

“வலிச்சுதா?” என்று மனைவி கேட்டாள்.

“வலிச்சுது. மனுஷன் தாங்குற வலி.” சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தார். “ஏய், போயிடுச்சுடி! போயிடுச்சு!”

பொடிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா வேர் உள்ளேயே இருக்கு. அதை எடுக்கணும்னா…”

“ஐயா, உங்க பொடியில என்ன இருக்கு?” என்று கேட்டார் பேரிங்காரர்.

“அது குரு வழியா வந்த ரகசியம். சொல்லக்கூடாது.”

“இந்தக் களிம்புல என்ன இருக்குன்னு குழாய்லயே எழுதியிருக்கு. எவ்வளவு போடணும், அதிகமானா என்ன ஆகும்னும் சிஸ்டர் சொன்னாங்க. அதிகமா போட்டதாலதான் தலை வலிச்சுதுன்னாங்க. அளவா போட்டா குறையும்னாங்க, குறைஞ்சுது. உங்க பொடி அதிகமானா என்னய்யா ஆகும்?”

பொடிக்காரர் பையைக் கட்டினார். அதிகமானால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும் போலிருக்கிறது.

“வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதே” என்று மச்சான் இழுத்தார்.

“கஞ்சி இருக்கு” என்றாள் தையல்காரி. “குடிச்சுட்டுப் போகச் சொல்லுங்கண்ணே.”

வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. சில காலைகள் நன்றாக இருந்தன, சில கடுகடுத்தன. ஆனால் கதவைப் பார்த்தால் பயந்து பின்வாங்குவது நின்றது. முதலில் வெள்ளை மூடி அலமாரிக்குப் போனது; மருத்துவர் பார்த்துச் சொன்னபின் நீல மூடியும் போனது. ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி, “முதுகு எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டபோது, “முதுகுக்கு என்ன? எனக்கு மூலம். அறுத்து எடுத்துட்டாங்க” என்றார். அவள் குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுக்காரருக்கும்…” என்று ஆரம்பித்தாள். தையல்காரி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று பேரிங்காரர் குழிக்குப் போகவில்லை. கையில் பெரிய தண்ணீர்ப் பாட்டிலோடு நேரே மேலாளர் அறைக்குப் போனார். உள்ளே இரண்டு ஓட்டுநர்கள், கணக்கர், வெளியாள் ஒருவர்.

“வாங்க. முதுகு தேவலையா?”

“மூலம் சார். டாக்டர் தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கார், அடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். அந்தச் சாவி வேணும்.”

மேலாளரின் உதடு பழக்கதோஷத்தில் ‘எ’ என்று விரிந்தது.

“எதுக்குன்னு கேக்காதீங்க சார். நீங்க எதுக்குப் போறீங்களோ அதுக்குத்தான்.”

ஓர் ஓட்டுநருக்குப் புரையேறியது. வெளியாள் ஜன்னலைப் பார்த்தார். மேலாளர் முகம் சிவந்து, “உங்களுக்குக் கொடுத்தா ஆளாளுக்கு வந்து கேப்பாங்க” என்றார்.

“ஆளாளுக்கு வயிறு இருக்கே சார்.”

சாவி ஆணியிலிருந்து இறங்கியது. பேரிங்காரருக்குப் பின்னால் கதவருகே ஏற்கெனவே இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அன்று அந்தச் சாவி கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது. தொழிலாளர் கழிப்பறைக்குக் கதவும் தண்ணீரும் கேட்டு ஒரு மனு எழுத வேண்டும் என்று குழியில் பேச்சு எழுந்தது. அது ஒரு நாளில் முடிகிற சண்டை இல்லை. ஆனால் பேச வாய் திறந்தாயிற்று.

வேலை முடிகிற நேரத்தில் மூத்த ஓட்டுநர் ஒருவர் குழிப் பக்கம் வந்தார். டீ குடிக்கும்போதும் நின்றுகொண்டே குடிப்பவர். ‘நாளெல்லாம் உட்கார்ந்துதானே ஓட்டுறேன்’ என்று காரணம் சொல்பவர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“பேரிங், அந்த நீல மூடி மருந்துக்குப் பேர் என்ன?”

“ரத்தம் போகுதா?”

ஓட்டுநர் தலையை மட்டும் ஆட்டினார்.

“பேரு டாக்டர் எழுதுவார், முதல்ல போய்க் காட்டுங்க. உங்களுக்கு ஆபரேஷன் வேணுமோ வேணாமோ, மருந்து வேற ஏதாவதோ, எனக்கென்ன தெரியும்? கட்டு ரூம்ல நரைச்ச தலை சிஸ்டர் இருப்பாங்க. வெட்கப்படாம எல்லாத்தையும் கேளுங்க. ‘கொஞ்சமா’ன்னு எவனாவது சொன்னா, எவ்வளவுன்னு கேக்காம எழுந்து வராதீங்க.”

“கேட்டா என்ன சொல்வாங்க?”

பேரிங்காரர் கிரீஸ் படிந்த சுட்டுவிரலை நீட்டி, அதன் நுனியில் கட்டைவிரல் நகத்தால் ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டினார். “இவ்வளவுதான். எனக்குச் சொன்னது இவ்வளவுதான். கிரீஸ் அடிக்கிற மாதிரி அடிச்சுடாதீங்க, உங்க வீட்டம்மாவுக்கும் தலை வலிக்கும்.”

ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. பேரிங்காரர் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தார். சொல்லும் ஆர்வத்தில், பக்கத்தில் கிடந்த டயரை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை.